டெல்லி: திங்களையும் செவ்வாயையும் மாற்றிப் போடுங்கள்

வணக்கம் சார். நீங்கள் டெல்லி, ஆக்ரா கூட்டிப் போகும் குழுவில் 22 பேர், பாதிக்கு மேல் அறுபதைத் தாண்டியவர்கள். திங்கள் டெல்லியில் காந்தி, இந்திரா வாழ்ந்த வீடுகளும் போர் நினைவிடமும், செவ்வாய் ஆக்ரா என்று திட்டம் போட்டிருக்கிறீர்கள். முதல் வேலையாக அந்த இரண்டு நாளையும் மாற்றுங்கள். காந்தி ஸ்மிருதி, இந்திரா நினைவகம் இரண்டுக்கும் திங்கள் விடுமுறை. தாஜ்மகாலுக்கு வெள்ளிதான் விடுமுறை.

செவ்வாய் காலையில் முதலில் காந்தி ஸ்மிருதிக்குப் போங்கள். அந்தக் காலத்து பிர்லா மாளிகை. காந்தி கடைசி 144 நாள் தங்கியது அங்கேதான். 1948 ஜனவரி 30 அன்று அறையிலிருந்து பிரார்த்தனைத் திடலுக்கு அவர் நடந்த வழி முழுக்கக் காலடிகள் பதித்து வைத்திருக்கிறார்கள். அந்த வழியாகவே மெதுவாக நடக்க விடுங்கள். வேறெங்கு நேரம் குறைத்தாலும் இங்கே குறைக்காதீர்கள், பெரியவர்கள் நின்று நின்றுதான் வருவார்கள்.

சப்தர்ஜங் சாலை இந்திரா வீடு அங்கிருந்து பக்கம்தான். சுடப்பட்ட அன்று அவர் உடுத்தியிருந்த சேலை அங்கே இருக்கிறது. கூட்டம் வரிசையில் நகர்ந்துகொண்டே இருக்கும், அதனால் வெளியே எங்கே கூடுவது என்று உள்ளே போகும் முன்பே சொல்லிவிடுங்கள்.

தேசியப் போர் நினைவிடத்தைச் சாயங்காலத்துக்கு வையுங்கள். திறந்தவெளி, நடை அதிகம். உயிர் நீத்த வீரர்களின் பெயர்கள் கிரானைட் சுவர்களில் வட்டம் வட்டமாகப் பொறிக்கப்பட்டிருக்கும். போர்க்கால வீரத்துக்கான மிக உயர்ந்த விருதான பரம்வீர் சக்ரா பெற்றவர்களின் மார்பளவுச் சிலைகளில் மேஜர் ராமசாமி பரமேஸ்வரனைத் தேடிப் பாருங்கள். 1987இல் இலங்கையில் வீரமரணம் அடைந்தவர்.

தீன்மூர்த்தி பிரதமர்கள் அருங்காட்சியகம் ரொம்பப் பெரியது. இந்தக் குழுவுக்கு இந்த முறை வேண்டாம்.