பதில்: கபோயிராவில் ஏன் தலைகீழாகப் போகிறோம்?

பிரேசிலின் சண்டைக்கலையான கபோயிராவில் அங்கோலா என்னும் பாணியை ஆறு மாதமாகக் கற்கிறீர்கள், 'ஆவூ' (கையூன்றிப் பக்கவாட்டில் சுழலும் கரணம்) போடும்போது மட்டும் சர்க்கஸ் வித்தை மாதிரி இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். எனக்கும் ஆரம்பத்தில் அப்படித்தான் இருந்தது.

கபோயிராவை உருவாக்கியவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து பிரேசிலுக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள். அவர்களில் மத்திய ஆப்பிரிக்காவின் கொங்கோ மக்களும் உண்டு. அந்தக் கொங்கோ மக்களின் நம்பிக்கையில், வாழ்பவர்களையும் முன்னோர்களையும் பிரிப்பது கலுங்கா என்னும் நீர்ப்பரப்பு. அதற்கு அந்தப் பக்கம் எல்லாமே தலைகீழ். இங்கே இரவென்றால் அங்கே பகல். கை மண்ணிலும் கால் வானிலுமாக நிற்பவர் முன்னோர் உலகைத் தொட்டுப் பலம் வாங்குகிறார் என்று சில ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள். (இல்லை, இது பிரேசிலிலேயே உருவான அசைவு என்பாரும் உண்டு. அந்த வழக்கு ஓயாது.)

சரி, பயிற்சிக்கு வருவோம். வேகத்தை விடுங்கள். பெரிம்பாவ் (ஆட்டத்துக்கு வாசிக்கும் ஒற்றை நரம்பு வில் வாத்தியம்) மெதுவாக ஒலிக்கையில், முழங்கையை மடக்கி, தலை தரையை ஒட்டியிருக்க, எதிராளியைப் பார்த்தபடியே கடந்து போங்கள். கண் தரைக்குப் போனால் உதை வருவது தெரியாது.