வட்டி, பந்தி, ஆத்தங்குடிக் கல்: கணக்கு வாத்தியாரிடம் சில கேள்விகள்

காரைக்குடிப் பக்கம் பல வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். வந்த கேள்விகளில் நான்குக்கு இங்கே பதில்.

தேவகோட்டை வாசகர்: ஐயா, வட்டிக்கு வட்டியை நொடிக்கு நொடி சேர்த்துக்கொண்டே போனால் ஒரே வருடத்தில் கோடீஸ்வரன் ஆகலாமா?

பர்மாவில் லேவாதேவி செய்த வீட்டுப் பிள்ளை போலிருக்கிறது! ஆக முடியாது. அசல் 100 ரூபாய், வருட வட்டி நூற்றுக்கு நூறு என்று வையுங்கள். வருடக் கடைசியில் ஒரே தடவை சேர்த்தால் 200. ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்றால் 225. மாதாமாதம், 261 ரூபாய் 30 காசு. தினமும், 271 ரூபாய் 46 காசு. நொடிக்கு நொடி? 271 ரூபாய் 83 காசு. நாளிலிருந்து நொடிக்கு இறங்கியும் கிடைத்தது 37 காசுதான்! அசலைப் போல 2.71828... மடங்கு என்ற எல்லைக்கு மேல் போகவே போகாது. 1683-இல் சுவிஸ் கணிதர் யாக்கோப் பெர்னூலி இதே வட்டிக் கணக்கைப் போட்டபோதுதான் இந்த எண் தலைகாட்டியது.

கானாடுகாத்தான் தங்கச்சி: 23 பேர் இருந்தால் இருவருக்கு ஒரே பிறந்தநாள் வருமாமே, நம்பலாமா சார்?

வந்தே தீரும் என்றில்லைம்மா. வர வாய்ப்பு பாதிக்குச் சற்று மேல். கல்யாணப் பந்தியில் ஒரு வரிசையில் 23 பேர் என்றால், அவர்களுக்குள் 253 ஜோடி. நாம் ஆளை எண்ணுகிறோம், எண்ண வேண்டியது ஜோடியை.

ஒன்பதாம் வகுப்புத் தம்பி: நண்பர்களை அசத்த ஒன்று சொல்லுங்க சார்.

வண்டி நம்பர் 3524 என்று வை. இலக்கங்களை இறங்குவரிசையில் எழுதி, ஏறுவரிசையைக் கழி: 5432 − 2345 = 3087. மறுபடியும், 8730 − 0378 = 8352. இன்னொரு தடவை, 8532 − 2358 = 6174. இனி அதே 6174 வந்துகொண்டிருக்கும். நான்கும் ஒரே இலக்கமாக இல்லாத எந்த நான்கிலக்க எண்ணும் ஏழு படிக்குள் இங்கே வந்துவிடும். கண்டுபிடித்தவர் மகாராஷ்டிரத்துப் பள்ளி ஆசிரியர் கப்ரேக்கர். (வாத்தியார் என்பதால் எனக்குக் கூடுதல் பாசம்.)

பள்ளத்தூர் ஆச்சி: ஆத்தங்குடிக் கல்லில் சதுரம் உண்டு, அறுகோணமும் பதிக்கலாம். ஐங்கோணம் ஏன் இல்லை?

ஆச்சி, பக்கமும் மூலையும் சமமாக உள்ள ஒழுங்கு ஐங்கோணத்தின் மூலை 108 பாகை. மூன்று மூலை கூடினால் 324, சுற்று முடிய 36 குறைகிறது. நான்காவதை நுழைக்க இடமில்லை. அந்த ஓட்டையில் சிமெண்டுதான் பூச வேண்டும்.

ஆனால் பக்கமும் மூலையும் எல்லாம் சமமாக இருக்க வேண்டாம் என்றால் கதையே வேறு. பிள்ளைகள் வரையும் கூரை வீட்டுப் படமும் ஐங்கோணம்தானே? அதை வரிசையாக அடுக்கி, கூரைகளுக்கு இடையிலுள்ள பள்ளத்தில் இன்னொரு வரிசையைத் தலைகீழாகச் செருகினால் இடைவெளியே இராது. இப்படித் தரையை நிரப்பும் குவி ஐங்கோணங்கள் (எந்த மூலையும் உள்நோக்கி மடங்காதவை) 15 வகை. அதற்குமேல் இல்லை என்று 2017-இல் பிரெஞ்சுக் கணிதர் மிக்காயேல் ராவோ கணினி உதவியோடு நிறுவினார். அந்த 15-இல் நான்கைக் கண்டவர் மார்ஜரி ரைஸ். பள்ளிக்கூடப் படிப்போடு நின்ற அமெரிக்க இல்லத்தரசி. 1970-களில் ஒரு பத்திரிகைப் பத்தியைப் படித்துவிட்டு, வீட்டில் உட்கார்ந்து படம் போட்டுப் போட்டே கண்டுபிடித்தார்.

உங்கள் வளவுக்குத் தளம் மாற்றும்போது அந்தக் கூரை வீட்டு வடிவத்தில் அச்சு செய்து தரச் சொல்லிப் பாருங்கள். கூலி கூடத்தான் கேட்பார்கள்.