மீகடத்தி (மின்தடையே இல்லாமல் மின்சாரம் கடத்தும் பொருள்) தூய்மையாக இருந்தால்தானே காந்தப்புலத்தைத் தாங்கும்? பிறகு ஏன் நானோ துகள்களைக் கலக்கிறார்கள்?

மீகடத்தி காந்தப்புலத்தை வெளியே விரட்டும் மெய்ஸ்னர் விளைவோடு உங்களுக்குப் பாடத்தை முடித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். அங்கேயே நின்றால் இப்படித்தான் தோன்றும். என் வைவாவுக்கு வந்த தேர்வாளரும் எக்ஸ்ரே வரைபடத்தில் ஒரு குட்டி முகட்டின் மேல் பேனாவை வைத்து, "என்ன தம்பி, சாம்பிள்ல அழுக்கு இருக்கே?" என்றார். "நான்தான் சார் போட்டேன்" என்றேன். மனுஷன் நம்பவில்லை.

நான் செய்தது ஒய்பிசிஓ, அதாவது இட்ரியம், பேரியம், செம்பு, ஆக்சிஜன் சேர்ந்த மீகடத்தி. ஏறக்குறைய 92 கெல்வினிலேயே மீகடத்தியாகிவிடும். திரவ நைட்ரஜனின் 77 கெல்வின் போதும். புலம் கொஞ்சம் வலுத்தால் இது முழுதாக விரட்டாது, மெல்லிய இழைகளாக உள்ளே விடும். ஒரு டெஸ்லாவில் இழைக்கு இழை சுமார் 50 நானோமீட்டர் இடைவெளி. மின்னோட்டம் அந்த இழைகளைத் தள்ளும். அவை நகர ஆரம்பித்தால் மின்தடை வந்துவிடும். தூய படிகத்தில் பிடித்து நிறுத்த ஆளில்லை. இழையின் நடுக்கரு சில நானோமீட்டர்தான். அதே அளவில் மீகடத்தாத துகள் இருந்தால் இழை அங்கேயே ஆணியடித்த மாதிரி நின்றுவிடும். மீகடத்தி நாடாக்களில் பேரியம் சிர்கோனேட் என்ற மீகடத்தாத பொருளின் நானோ தூண்களை வளர்ப்பது இதற்குத்தான். உருக்கி வளர்க்கும் வில்லைகளில் அந்த வேலையை 211 என்ற பச்சை ஃபேஸ் செய்கிறது; அதே தனிமங்கள் வேறு விகிதத்தில் சேர்ந்த, மீகடத்தாத பொருள் அது. அதன் துகள்கள் பெரிது, விளிம்புகள்தான் பிடிக்கும். ஆகவே பொடியாக இருக்க இருக்க நல்லது. துளி பிளாட்டினம் சேர்த்தால் பருக்காமல் இருக்கும்.

உடனே "அப்போ எல்லா அழுக்கும் நல்லதா?" என்று சண்டைக்கு வராதீர்கள். செம்பின் இடத்தில் துத்தநாகம் புகுந்தால் மீகடத்தும் வெப்பநிலையே சரியும். படிக மணிகள் ஒன்றுக்கொன்று சில டிகிரி திரும்பியிருந்தாலே எல்லையில் மின்னோட்டம் படுத்துவிடும்.

தேர்வாளருக்குச் செய்தே காட்டினேன். வில்லையின் மேல் சிறு இடைவெளி விட்டு நியோடிமியம் காந்தத்தை வைத்து, நைட்ரஜன் ஊற்றி, கொதிப்பு அடங்கியதும் காந்தத்தைத் தூக்கினேன். கறுப்பு வில்லையும் தொடாமலே கூட எழுந்து வந்தது. விரட்ட மட்டுமே தெரிந்த பொருள் இப்படி வருமா? 2014-இல் கேம்பிரிட்ஜ் குழு இரண்டு வில்லைகளுக்கு நடுவே 26 கெல்வினில் 17.6 டெஸ்லாவைச் சிறைபிடித்தபோது அவற்றிலும் 211 வகைத் துகள் இருந்தது.

அந்த நைட்ரஜனுக்கு நான் பட்ட பாடு தனிக்கதை. திறந்து வைத்தால் ஆவியாகிற பொருளுக்கு, "ஸ்டாக் ரிஜிஸ்டரில் மிச்சம் எங்கே?" என்று ஆடிட்டில் கேட்டார்கள். நான் எழுதிக் கொடுத்த விளக்கக் கடிதம் தீசிஸ் முன்னுரையைவிட நீளம்.