காரல் மீனுக்குள் ஒரு விளக்கு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

நல்லூர் வாசகி: மாலையில் வாங்கிய மீனைச் சட்டியில் மூடிக் குசினியில் வைத்திருந்தேன். இரவு மின்சாரம் நின்றபோது திறந்தால் மீனின்மேல் நீல வெளிச்சம் தெரிந்தது. அது பொசுபரசு என்கிறார் மாமி. சமைக்கலாமா?

பொசுபரசு அல்ல, உயிருள்ள பற்றீரியா. கடல்மீனின் தோலிலும் குடலிலும் ஒளிரும் இனங்கள் இயல்பாகவே உண்டு. மீன் இறந்தபின் அவை பெருகி, கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வந்துவிடுகின்றன. ஒளியால் மட்டும் யாருக்கும் நோய் வராது. ஆனால் அந்த அளவு பெருகிய மீன் போதிய குளிரில் இருக்கவில்லை, அல்லது நாள்பட்டது. இதில் சூரை, கும்பிளா போன்றவற்றை நான் பெரிதும் அஞ்சுகிறேன். பற்றீரியா பெருகும்போது அவற்றின் தசையில் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் சேரும். அதைச் சாப்பிட்டால் முகம் சிவக்கும், உடல் கடிக்கும், தலை வலிக்கும். கொதிக்க வைத்தால் ஒளி போய்விடும், ஹிஸ்டமின் போகாது. எறிந்துவிடுங்கள். அடுத்த முறை, வாங்கும் இடத்திலேயே ஐஸ் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள்.

குருநகர் வாசகர்: காரலுக்கு உடம்புக்குள்ளேயே வெளிச்சம் இருக்கிறது என்று பெரியப்பா சொல்வார். வலையில் எத்தனையோ காரல் எடுத்திருக்கிறேன், கண்டதில்லை. உண்மையா?

பெரியப்பா சொன்னது முழு உண்மை. நாம் சொதிக்கும் கருவாட்டுக்கும் மட்டும் என்று ஒதுக்கிவிடும் இந்தச் சின்ன மீன், உயிரியலாளர்கள் பல தசாப்தங்களாக ஆராய்ந்துவரும் மீன்களில் ஒன்று. உணவுக்குழாயைச் சுற்றி வளையமாக ஓர் உறுப்பு. அதன் நுண்குழாய்களில் கோடிக்கணக்கான பற்றீரியாக்கள். மீன் உணவும் இடமும் கொடுக்கிறது, அவை ஒளியைக் கொடுக்கின்றன.

உறுப்பு உள்ளே இருக்க, ஒளி வெளியே வருவது எப்படி? அருகிலுள்ள காற்றுப்பையின் உட்புறம் வெள்ளிபோல் பளபளக்கும். விளக்கின் பின்னால் வைத்த கண்ணாடிபோல் அது ஒளியைத் திருப்பிவிடுகிறது. ஒளி ஊடுருவும் தசை வழியாக அது வயிற்றுப்புறம் பரவுகிறது. கீழிருந்து அண்ணாந்து பார்க்கும் பெரிய மீனுக்கு, மேலிருந்து வரும் வெளிச்சத்தில் காரலின் நிழலுரு கரைந்துபோகும். பல இனங்களில் ஆண் மீனின் உறுப்பு பெண்ணினுடையதைவிடப் பெரிது. பக்கவாட்டில் ஒளி புகும் தெளிவான திட்டுகளும் ஆணுக்கு இருக்கும். துணையை அழைக்கும் சைகைக்கு அவை உதவுவதாகக் கருதப்படுகிறது. திறந்து மூடும் தசைத் திரைகளும் இருப்பதால் மீன் விரும்பியபோது ஒளியை மறைத்துக்கொள்ளும். வலையில் நீங்கள் காணாததற்கு இது ஒரு காரணம்.

குஞ்சுகள் இந்தப் பற்றீரியாக்களோடு பிறப்பதில்லை. ஒவ்வொரு தலைமுறையும் சுற்றியுள்ள கடல்நீரிலிருந்து புதிதாகப் பெற்றுக்கொள்கிறது. காரலில் வாழும் இனங்களில் ஒன்றுக்கு, நமக்கு எதிர்க்கரையில் தமிழ்நாட்டிலுள்ள மண்டபம் என்ற ஊரின் பெயரையே வைத்திருக்கிறார்கள்: போட்டோபாக்டீரியம் மண்டபமென்சிஸ்.

பருத்தித்துறை, உயர்தர மாணவி: கடல்நீரில் தனியாக மிதக்கும் பற்றீரியா ஏன் ஒளிர்வதில்லை?

நல்ல கேள்வி, மகள். ஒளி உண்டாக்குவது செலவு மிகுந்த வேலை. லூசிபெரேஸ் என்ற நொதியம், ஒட்சிசன், நீண்ட சங்கிலி அல்டிகைட்டு, ஒடுக்கப்பட்ட பிளேவின் என்ற சேர்வைகள் எல்லாம் வேண்டும். தனியாக நிற்கும் ஒன்று தரும் ஒளியை யாரும் காணப்போவதில்லை. விப்ரியோ பிஷரி என்ற இனம் ஒரு சிறு மூலக்கூறை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். நெருக்கம் கூடக்கூட அந்த மூலக்கூறின் செறிவும் கூடும். ஓர் எல்லையைத் தாண்டியதும் ஒளிக்கான மரபணுக்கள் முழுவேகத்தில் இயங்கத் தொடங்கும். நீல்சன், ஹேஸ்டிங்ஸ் என்ற ஆய்வாளர்களும் குழுவினரும் 1970இல் இதை விளக்கினார்கள். இதே இனம் ஹவாயின் சிறு கணவாய் ஒன்றிலும் வாழ்கிறது. அந்தக் கணவாய் விடியலில் ஏறத்தாழ 95 வீதமானவற்றை வெளியேற்றிவிடும். மீந்தவை இரவுக்குள் மீண்டும் பெருகும்.

மயிலிட்டி வாசகர்: இரவில் துடுப்புப் பட்ட இடமெல்லாம் கடல் மின்னுகிறது. அதுவும் இதுதானா?

இல்லை. தொட்டால் மின்னி மறைவது பெரும்பாலும் நொக்டிலூக்கா போன்ற ஒருகல உயிரிகள். பற்றீரியா அசைவுக்குக் காத்திராமல் தொடர்ந்து ஒளிரும். 1995இல் சோமாலியாவுக்கு அப்பால் சுமார் 15,400 சதுர கிலோமீற்றர் கடல் இரவில் வெண்மையாக ஒளிர்ந்தது செய்மதிப் படத்தில் பதிவாகியிருக்கிறது. அதற்குக் காரணம் பற்றீரியா என்றே கருதப்படுகிறது.

ஊர்காவற்றுறை, விஞ்ஞான ஆசிரியர்: வகுப்பில் காட்ட எளிய வழி உண்டா?

உண்டு, செய்து காட்டுங்கள். அன்று பிடித்த கணவாயைக் கழுவாமல் எடுங்கள். குழாய்நீர் பட்டால் இந்தக் கடற் பற்றீரியாக்கள் வெடித்துவிடும். ஒரு லீற்றருக்கு 30 கிராம் உப்புக் கலந்த நீரில் பாதி மூழ்க வைத்து, மூடி, குளிர்சாதனப் பெட்டியில் ஓரிரு நாள் விடுங்கள். நம் வெயிலில் வெளியே வைத்தால் அழுகல்தான் முந்தும். பிறகு நன்றாக இருட்டிய அறையில் பிள்ளைகளின் கண்கள் பழகப் பதினைந்து நிமிடம் கொடுங்கள். ஒளிரும் நீரை ஒரு போத்தலில் ஊற்றி அசையாமல் வைத்தால் ஒட்சிசன் குறைந்து மங்கும், குலுக்கினால் மீண்டும் ஒளிரும். 1668இல் விஞ்ஞானி றொபேட் பொயில் ஒளிரும் மரத்தையும் மீனையும் வைத்துக் காற்றை அகற்றிப் பார்த்ததும் இதே உண்மையைத்தான். கையில் காயமுள்ள பிள்ளைகள் தொட வேண்டாம். முடிந்ததும் கணவாயைப் புதைத்துவிட்டு, நீரில் பிளீச்சிங் பவுடர் கலந்து ஊற்றுங்கள்.