வன்னியில் நாயை அவிழ்த்துவிட்டு ஓடவிடப் பூங்கா உண்டா?

கேள்வி இதுதான்: ஆகஸ்டில் ரொறொன்ரோவிலிருந்து நாயோடு கிளிநொச்சிக்கு வருகிறோம், அங்கே இருப்பது போல நாயைச் சங்கிலி இல்லாமல் ஓடவிடக்கூடிய பூங்கா வன்னியில் எங்கே இருக்கிறது?

இல்லை. கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ மாங்குளத்திலோ நாய்க்கென்று வேலியடைத்த பூங்கா எதையும் நான் கண்டதில்லை. ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் இரண்டில் ஒன்றைச் சொல்வார்கள்: "இவ்வளவு வெளி கிடக்கு, எங்கேயும் விடலாம்தானே" என்பார்கள், இல்லாவிட்டால் "ஊர்ச் சனத்துக்கு நாயின் அருமை தெரியாது" என்பார்கள். இரண்டையும் என் காதால் கேட்டிருக்கிறேன். இரண்டும் சரியில்லை.

உங்களுடையது பெரும்பாலும் லாப்ரடார் மாதிரி ஒரு பெரிய, எல்லோரோடும் சேருகிற நாயாக இருக்கும். பிள்ளைகள் அதை விட்டுவிட்டு வரமாட்டோம் என்று நின்றிருப்பார்கள். என் அக்காவின் மகள் வீட்டிலும் அதே கதைதான். அவர்கள் இருப்பது ஸ்காபரோவில். அவர்களின் நாய் மிலோவை தொம்சன் மெமோரியல் பார்க்கில் நாய்களுக்கென்று ஒதுக்கிய இடத்துக்குக் கொண்டுபோவார்களாம். சில நாள் செரி பீச்சுக்கும் போவார்கள், அங்கே நாய்கள் ஏரிக்குள்ளேயே பாயும். மாநகரசபைக்கு விதிகளும் உண்டு: உரிமப் பட்டி இருக்க வேண்டும், விசர்நாய்த் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும், பருவத்தில் இருக்கிற பெட்டையைக் கொண்டுவரக் கூடாது. நல்ல ஏற்பாடு. நான் குறை சொல்லவில்லை.

அவர்கள் ஒரு ஆடி மாதம் வந்து நின்றார்கள். எங்கள் பக்கம் சிறுபோகத்துக்குத் தண்ணீர் கிடைக்காத மேட்டு வயல்கள் காய்ந்து கிடந்தன. பின்னேரம் நான் சைக்கிளை வரம்பில் சாத்திவிட்டு வருவதற்குள், "மாமா, இதைவிடப் பெரிய பார்க் எங்க இருக்கு?" என்று சொல்லி மருமகள் சங்கிலியைக் கழற்றிவிட்டாள். மிலோ பறந்தது. அந்த வயலுக்கு அப்பால் ஒரு மாட்டுப் பட்டி இருந்தது. பட்டி நாய்கள் குரைக்காமல் வந்தன, இரண்டு பக்கத்தாலும். மிலோ முன்னங்கால்களை நீட்டிப் படுத்து, பின்பக்கத்தைத் தூக்கி, வாலை ஆட்டி விளையாடக் கூப்பிட்டது. ஸ்காபரோவில் அதுக்கு எல்லா நாயும் மறுமொழி சொல்லியிருக்கும். இங்கே முதலில் வந்த கறுவல் காதைப் பிடித்துவிட்டது.

பட்டிக்காரப் பெரியவர் ஒரு சத்தம் வைத்தார். அவ்வளவுதான், நாய்கள் எல்லாம் விட்டுவிட்டுப் பின்வாங்கின. மருமகள் அழுதபடி அவரிடம், "ஏன் இதுகளைக் கட்டி வைக்கேல்லை?" என்று கேட்டாள். அவர் கோபப்படவில்லை. "பிள்ளை, அதுகள் தங்கட வேலையைச் செய்யுதுகள்" என்றார். வாடிக்குள் போய், கூரைக் கிடுகில் செருகியிருந்த பொலித்தீன் பையை எடுத்தார். உள்ளே மடித்த அட்டைகள், ஒவ்வொரு நாய்க்கும் ஒன்று, ஊசி போட்ட திகதியோடு. கறுவலின் அட்டையை எடுத்து அவள் கையில் கொடுத்தார். சவர்க்காரமும் வாளித் தண்ணீரும் அவரே கொண்டுவந்தார். காதைக் கழுவிவிட்டு மிருக வைத்தியரிடம் கொண்டுபோனோம். காயம் ஆழமில்லை, ஆறிவிட்டது. ஊராருக்கு நாயின் அருமை தெரியாது என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தப் பொலித்தீன் பைதான் ஞாபகம் வரும்.

விளங்கிக்கொள்ள வேண்டியது இதுதான். பூங்காவில் எந்த நாய்க்கும் அந்த நிலம் சொந்தமில்லை, எல்லாம் விருந்தாளிகள். அதனால்தான் அங்கே சமாதானம். இங்கே நீங்கள் வெறும் வெளி என்று பார்க்கிற ஒவ்வொரு துண்டும், ஒழுங்கை முடக்குவரை, ஏதோ ஒரு நாயின் பொறுப்பில் இருக்கிறது. இரவில் பன்றி வந்தால், யானை வந்தால், கள்ளன் வந்தால் முதலில் எழும்புவது அதுதான். நாயை நாள் முழுக்கக் கட்டி வைக்கச் சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம். கட்டியே வளர்க்கிற நாய் சீறிப்போகும், அது எனக்கும் தெரியும். அவிழ்த்துவிடுகிற இடத்தைத்தான் சொல்கிறேன்.

மற்ற ஆபத்துகளையும் சொல்லிவிடுகிறேன். தண்ணீரைக் கண்டால் பாய்கிற நாய் என்றால் இரணைமடு, வவுனிக்குளம் பக்கம் சங்கிலியைக் கையிலிருந்து விடவே வேண்டாம், முதலை இருக்கிறது. காட்டோரத்தில் பன்றிக்குக் கம்பித் தடம் வைப்பார்கள், தீனிக்குள் வெடி பொதிந்து வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். மோப்பம் பிடித்து வாய் வைக்கிற நாய்க்குத் தாடையே போய்விடும். சிறுத்தைக்கு நாய் இரை. 2018 யூனில் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் ஊருக்குள் வந்த சிறுத்தை பலரைக் காயப்படுத்தி, கடைசியில் அடித்துக் கொல்லப்பட்டது உங்களுக்கும் தெரிந்திருக்கும். முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றும் வேலை நெடுங்காலம் நடந்த இடம். கண்ணிவெடித் தடைச் சாசனத்தில் இலங்கை சேர்ந்தது 2017 இல்தான், நிலத்தைத் துப்புரவாக்க 2028 வரை தவணை. சிவப்பு மண்டையோட்டுப் பலகை உங்களுக்கு விளங்கும், நாய்க்கு விளங்காது.

இன்னொன்று. 2009 இல் நாங்கள் விசுவமடுவை விட்டு வெளிக்கிட்டபோது சனம் போகிற போக்கில் செய்த வேலைகளில் ஒன்று நாயை அவிழ்த்துவிட்டது. கட்டியபடி விட்டால் செத்துப்போகும், கூட்டிப்போக வழியில்லை. பங்கருக்குள் பிள்ளைகளோடு இருந்த சனத்திடம் போய், நாயைக் கைவிட்டீர்களே என்று கேட்கிறவர்களுக்கு என்னிடம் பொறுமை இல்லை. திரும்பி வந்தபிறகு, யாருடையது என்று தெரியாமல் அலைந்த நாய்களுக்குச் சோறு வைத்ததும் இதே சனம்தான். இப்போது இயக்கச்சியில் சிவபூமி அறக்கட்டளையின் நாய்கள் சரணாலயமும் இருக்கிறது.

வெறும் காணி என்றதும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்கள் ஒழுங்கையில் இரண்டு பக்கமும் வெளிநாட்டுக்காரரின் காணி. வேலி இல்லை, துப்புரவு இல்லை, ஆளுயரத்துக்குப் பற்றை. புடையன் பாம்பு அங்கிருந்துதான் வருகிறது, மழை காலத்தில் நுளம்பும் அங்கிருந்துதான். குட்டி நாய்களை, அதுவும் பெட்டைக் குட்டிகளை, உரப்பையில் கொண்டுவந்து எறிகிறவர்களுக்கும் அந்தப் பற்றைதான் வசதி. சொந்தக்காரரிடம் கேட்டால் "அடுத்த முறை வரும்போது பார்க்கிறேன்" என்பார். காணியின் விலையை மட்டும் மாதாமாதம் விசாரிப்பார். நீங்களும் அப்படி ஒரு காணி வைத்திருந்தால், நாய் ஓட இடம் தேடுவதற்கு முதல் அதை வெட்டித் துப்புரவாக்கி வேலி அடையுங்கள். உங்கள் நாய்க்கும் இடம் வரும், பக்கத்து வீட்டாரும் நிம்மதியாக நித்திரை கொள்வார்கள்.

சரி, மிலோ என்ன செய்தது என்றால், பக்கத்து வீட்டுத் தென்னங்காணியில் ஓடியது. முள்ளுக்கம்பி வேலி, அடியில் பனைமட்டை வரிச்சல், இரும்புப் படலை. சொந்தக்காரரிடம் கேட்டோம், சந்தோஷமாக விட்டார். அவருடைய நாயை முதலில் வெளியே ஒழுங்கையில் வைத்தே மிலோவோடு பழக்கினோம். இரண்டையும் ஒரே திசையில் நடத்திக்கொண்டு போய், பிறகு ஒன்றாக உள்ளே விட்டோம். ஒரு நாய் உள்ளே நிற்க மற்றதைப் படலையால் கொண்டுவந்தால் பட்டியில் நடந்ததுதான் நடக்கும். காலை வெயில் ஏற முதல், அல்லது பொழுது சாய்கிற நேரம். இடையில் கிரவல் றோட்டில் உங்கள் உள்ளங்காலை வைத்துப் பாருங்கள், பிறகு நாயை நடத்துவதா என்று யோசியுங்கள்.

ஓடி முடிந்ததும் ஒவ்வொரு முறையும் பாதத்தை விரித்துப் பாருங்கள். விரல்களுக்கிடையில் மயிருக்குள் நெருஞ்சி முள் புதைந்திருக்கும், நாய் நொண்டாமலே நக்கிக்கொண்டிருக்கும். காது மடலின் உள்பக்கம் உண்ணி ஏறும், ஆமணக்கு விதை மாதிரி ஊதி நிற்கும். பிய்த்து இழுக்காமல் தோலோடு ஒட்டப் பிடித்து நேரே எடுங்கள்.

நாயைக் கொண்டுவர கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் இறக்குமதி அனுமதி வேண்டும், தடுப்பூசிப் பத்திரமும் வேண்டும். ரிக்கற் போட முதல் அந்த வேலையைத் தொடங்குங்கள். வீட்டில் இருக்கிறவர்களுக்கு இன்றைக்கே கோல் எடுத்துப் படலையின் அடிப்பக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். நாயின் தலை நுழையும் இடைவெளி இருந்தால் ஒரு தகரம் அடித்துவிடட்டும்.