வாசகர் கேள்வி – பதில்: இணைப்புக் கேபிளும் அதன் விலையும்

கேள்வி: என்னிடம் ஒரு நல்ல ஆம்ப்ளிஃபயரும், டிஜிட்டல் இசையை மின்சமிக்ஞையாக மாற்றும் ஒரு டிஏசியும் உள்ளன. இரண்டும் ஒரே அலமாரியில் அடுத்தடுத்த தட்டுகளில் இருக்கின்றன. இப்போது அவற்றைச் சாதாரண ஆர்சிஏ கேபிள் (ஒற்றை முள் முனை கொண்ட ஒலிக் கேபிள்) ஒன்றால் இணைத்திருக்கிறேன். கடைக்காரர் 48,000 ரூபாய் விலையில் ஒரு மீட்டர் வெள்ளிக் கேபிளைப் பரிந்துரைக்கிறார். கடையில் மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டியபோது எனக்கும் வித்தியாசம் கேட்டது. வாங்கலாமா? – வாசகர், கோயம்புத்தூர்

பதில்: வாங்க வேண்டாம். வெள்ளி மோசமான உலோகம் என்பதற்காகச் சொல்லவில்லை. உங்கள் அலமாரியில் அந்தக் கேபிள் செய்ய வேண்டிய வேலை மிகக் குறைவு என்பதால் சொல்கிறேன்.

டிஏசியிலிருந்து வெளிவரும் சமிக்ஞை ஏறத்தாழ 2 வோல்ட். அதைப் பெற்றுக்கொள்ளும் ஆம்ப்ளிஃபயரின் உள்ளீட்டு மின்மறுப்பு (மாறும் மின்னோட்டத்தை அது எதிர்க்கும் அளவு) பொதுவாக 10,000 ஓமுக்கும் 50,000 ஓமுக்கும் இடையில் இருக்கும். அதை 20,000 ஓம் என்று வைத்துக்கொண்டால், கேபிளில் ஓடும் மின்னோட்டம் ஒரு மில்லி ஆம்பியரில் பத்தில் ஒரு பங்குதான். ஒரு மீட்டர் செம்புக் கேபிளின் மின்தடையைத் தாராளமாக 0.1 ஓம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளி செம்பைவிடச் சுமார் 6 விழுக்காடு நன்றாக மின்சாரத்தைக் கடத்தும். ஆக, 48,000 ரூபாய் கொடுத்து நீங்கள் குறைக்கப்போவது 20,000 ஓமுக்கு எதிரே 0.006 ஓம்.

உயர் சுருதிகள் கேபிளில் தேய்ந்துவிடும் என்ற பேச்சுக்கு ஓர் அடிப்படை உண்டு. கேபிளின் மின்தேக்குத் திறனும் (மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் தன்மை; பிகோஃபாரட் அதன் அலகு), சமிக்ஞையை அனுப்பும் கருவியின் வெளியீட்டு மின்மறுப்பும் சேர்ந்து ஒரு வடிகட்டியாகச் செயல்படுகின்றன. ஆனால் அந்த வடிகட்டி எங்கே வெட்டுகிறது என்பதையும் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். டிஏசியின் வெளியீடு 200 ஓம், கேபிள் 100 பிகோஃபாரட் என்றால், வெட்டும் இடம் ஏறத்தாழ 80 லட்சம் ஹெர்ட்ஸ். வெளியீடு 1,000 ஓமாக இருந்து, கேபிளும் 5 மீட்டர் நீளமாக இருந்தால்கூட அது 3 லட்சம் ஹெர்ட்ஸுக்கு மேல்தான் வரும். மனிதக் காது கேட்கும் எல்லையோ 20,000 ஹெர்ட்ஸ். நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கு அதுவும் இல்லை.

அப்படியானால் கடையில் கேட்ட வித்தியாசம் என்ன என்று கேட்பீர்கள். நீங்கள் கற்பனை செய்துகொண்டீர்கள் என்று ஒரே வரியில் தள்ளிவிட எனக்கு மனமில்லை. ஆண்டுக்கணக்கில் கழற்றாத ஆர்சிஏ முனையில் மெல்லிய ஆக்சைடு படலம் படிந்திருக்கும். எந்தக் கேபிளையும் பிடுங்கி மறுபடி செருகும்போது அந்தப் படலம் உரசிப்போய்த் தொடர்பு சீராகிவிடும். அதன் புகழ் முழுவதும் புதுக் கேபிளுக்குப் போய்ச் சேர்கிறது. வீட்டில் பழைய கேபிளையே ஒருமுறை கழற்றித் துடைத்துச் செருகிக் கேளுங்கள். அடுத்ததாக, எந்தக் கேபிள் ஓடுகிறது என்று தெரிந்துகொண்டு கேட்கும் காது நடுநிலையானது அல்ல. கடையில் ஒருவர் கேபிளை மாற்ற, நீங்கள் அதைப் பாராமல், ஒலியளவைத் தொடாமல், பத்து முறை கேட்டு ஒவ்வொரு முறையும் எது என்று தாளில் எழுதுங்கள். வெறும் ஊகத்தில் ஒன்பதோ பத்தோ சரியாக அமைவதற்கு நூற்றில் ஒரு வாய்ப்புதான் உண்டு. அத்தனை சரியாகச் சொன்னால் என் பேச்சைத் தள்ளிவிட்டு அந்தக் கேபிளையே வாங்குங்கள். கடைக்காரர் இதற்குச் சம்மதிக்கிறாரா என்பதே பாதி விடையைச் சொல்லிவிடும்.

இனி, காசைச் செலவிட வேண்டிய இடத்துக்கு வருகிறேன். ஆர்சிஏ இணைப்பில், உள்கம்பியைச் சுற்றியுள்ள உலோக உறையான வெளிக்கவசம் வெறும் கவசம் மட்டுமல்ல, சமிக்ஞை திரும்பிச் செல்லும் பாதையும் அதுவே. இரு கருவிகளின் மின்வழங்கிகளிலிருந்து கசியும் சிறு மின்னோட்டமும் அதே பாதையில்தான் ஓடுகிறது. கசிவு 100 மைக்ரோ ஆம்பியர் என்றும், கவசத்தின் மின்தடை 1 ஓம் என்றும் கொண்டால், 100 மைக்ரோவோல்ட் இரைச்சல் நேராக இசையோடு கலக்கிறது. இது 2 வோல்ட் சமிக்ஞையிலிருந்து 86 டெசிபல் கீழே இருக்கும். கவசத்தின் மின்தடை 0.1 ஓமாகக் குறைந்தால் இரைச்சல் மேலும் 20 டெசிபல் இறங்குகிறது. ஆகவே மெல்லிய அலுமினியப் படலத்தை மட்டும் சுற்றிய கேபிளைத் தவிர்த்து, அடர்த்தியான செம்புப் பின்னல் கவசம் உடையதைத் தேர்ந்தெடுங்கள். நீளம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. அடுத்தடுத்த தட்டுகளுக்கு அரை மீட்டர் போதும். மொகாமி, கனாரே போன்ற ஒலிப்பதிவுக் கூடக் கேபிளில் நியூட்ரிக் முனைகளைச் சுத்தமாகப் பற்றவைத்துத் தரக்கூடிய ஒருவர் உங்கள் ஊரிலேயே இருப்பார். மின்னணுப் பொருள்களின் சந்தையான சென்னை ரிச்சி தெருவுக்கு வந்தால் பொருளும் கிடைக்கும். சில ஆயிரம் ரூபாய்க்குள் வேலை முடிந்துவிடும். இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் கனமான பூட்டு முனைகளை மட்டும் வாங்காதீர்கள். கழற்றும்போது ஆம்ப்ளிஃபயரின் சாக்கெட்டையே பெயர்த்துவிடக்கூடியவை அவை.

இரு கருவிகளிலும் மூன்று முள் கொண்ட எக்ஸ்எல்ஆர் இணைப்பு இருந்தால் தயங்காமல் அதைப் பயன்படுத்துங்கள். அதில் சமிக்ஞை இரு கம்பிகளுக்கிடையேயான வேறுபாடாகச் செல்வதால், இரண்டிலும் ஒன்றுபோல் ஏறும் இரைச்சலை ஆம்ப்ளிஃபயர் கழித்துவிடுகிறது.

கேள்வி: இசைத்தட்டுச் சுழலியை எதிர்ச் சுவருக்கு மாற்றியதால் இரண்டரை மீட்டர் கேபிள் வாங்கிப் போட்டேன். விலை உயர்ந்த கேபிள்தான். ஆனால் வயலினில் ஒரு கூர்மை ஏறி, தம்புராவின் மேல் ஓசைகள் மங்கிவிட்டன. இதுவும் பிரமையா? காட்ரிட்ஜ் ஆடியோ டெக்னிகா விஎம்95இ. – வாசகர், தூத்துக்குடி

பதில்: பிரமை இல்லை, உங்கள் காது சரியாகவே சொல்கிறது. மேலே கோவை வாசகருக்குச் சொன்னதெல்லாம் இங்கே செல்லாது என்பதால்தான் உங்கள் கடிதத்தை அடுத்து எடுத்துக்கொண்டேன். ஊசியின் அசைவை மின்சமிக்ஞையாக மாற்றும் பாகமே காட்ரிட்ஜ்; உங்களுடையது போன்ற நகரும் காந்த வகையில் ஆயிரக்கணக்கான சுற்றுகள் கொண்ட சுருள் இருக்கிறது. உங்களுடையதன் மின்தூண்டல் (மின்னோட்டத்தின் மாற்றத்தை எதிர்க்கும் தன்மை) 550 மில்லி ஹென்றி. இதனோடு கேபிளின் மின்தேக்குத் திறன் சேரும்போது ஓர் ஒத்ததிர்வு, அதாவது ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணை ஒட்டி ஒலி ஓங்கும் நிலை, உண்டாகிறது. அந்த இடத்துக்குச் சற்று முன்பு ஒலி மேடிட்டு, அதற்கு மேல் சரசரவென்று சரிந்துவிடும். மொத்த மின்தேக்குத் திறன் 200 பிகோஃபாரட் என்றால் ஒத்ததிர்வு ஏறத்தாழ 15,000 ஹெர்ட்ஸில் நிற்கும். 400 பிகோஃபாரட் என்றால் 11,000 ஹெர்ட்ஸுக்கும் கீழே இறங்கிவிடும். நீங்கள் கேட்ட கூர்மை அந்த மேடு, மங்கல் அந்தச் சரிவு. தயாரிப்பாளர் இந்தக் காட்ரிட்ஜுக்குப் பரிந்துரைப்பது 100 முதல் 200 பிகோஃபாரட் வரைதான். சுழலியின் கைக்குள் ஓடும் கம்பியும், ஆம்ப்ளிஃபயரில் சுழலிக்கென உள்ள ஃபோனோ உள்ளீடும் அதிலேயே கணிசமான பங்கை எடுத்துக்கொள்கின்றன என்பதால் கேபிளுக்கு மிஞ்சுவது கொஞ்சமே.

தீர்வு எளிது. சுழலியின் மெல்லிய சமிக்ஞையை முதலில் பெருக்கித் தரும் தனி ஃபோனோ ப்ரீஆம்ப்ளிஃபயர் ஒன்றைச் சுழலியின் பக்கத்திலேயே வைத்து, இரண்டுக்கும் இடையே மின்தேக்குத் திறன் குறைந்த அரை மீட்டர் கேபிளைப் போடுங்கள். ப்ரீஆம்ப்ளிஃபயரிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு உங்களிடம் உள்ள நீளக் கேபிளே போதும். இந்த ஓர் இடத்துக்குக் கேபிள் வாங்கும்போது மட்டும், மீட்டருக்கு எத்தனை பிகோஃபாரட் என்று கேட்காமல் வாங்காதீர்கள். அந்த எண்ணைச் சொல்லத் தெரியாத விற்பனையாளரிடம் வேறு எதையும் கேட்டுப் பயனில்லை.

கடற்கரை ஊர் என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உப்புக் காற்றில் முனைகள் விரைவில் கறுத்துவிடும். தங்க முலாம் பூசிய முனை செம்பைவிட நன்றாக மின்சாரத்தைக் கடத்தும் என்பது தவறு, ஆனால் அது கறுக்காது என்பது உண்மை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்துவிடுங்கள்.

கேள்வி: கேபிள் டிவி செட்டாப் பாக்ஸை ஆம்ப்ளிஃபயரில் இணைத்ததும் ‘உம்’ என்ற ரீங்காரம் வருகிறது. மூன்று முறை கேபிள் மாற்றியும் போகவில்லை. – வாசகர், திருச்சி

பதில்: நான்காவது முறையும் போகாது. டிவி கேபிளின் வெளிக்கவசம் தெருவில் ஓரிடத்திலும், உங்கள் ஆம்ப்ளிஃபயர் வீட்டிலும் நிலத்தோடு இணைந்திருப்பதால், இரண்டுக்கும் இடையே 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டம் உங்கள் ஆர்சிஏ கவசத்தின் வழியே சுற்றுகிறது. டிவி கேபிளைப் பெட்டியிலிருந்து கழற்றிப் பாருங்கள்; ரீங்காரம் நின்றால் இதுவே காரணம். ஆம்ப்ளிஃபயரிலும் பெட்டியிலும் ஆப்டிகல் இணைப்பு இருந்தால் அதற்கு மாறுங்கள். ஒளியிழையில் மின்னோட்டம் ஓட வழியில்லை. இல்லையெனில் ஒலிக்கான தனிமைப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை இடையில் போடலாம். ஆம்ப்ளிஃபயர் பிளக்கின் எர்த் பின்னை நீக்கும்படி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். ரீங்காரம் நிற்கலாம், ஆனால் உள்ளே பழுது ஏற்படும் நாளில் உலோகப் பெட்டியைத் தொடுபவருக்கு உயிராபத்து.

கேள்வி: என் ஆர்சிஏ கேபிளில் அம்புக்குறி போட்டிருக்கிறது. எலக்ட்ரான்கள் ஒரே திசையில் ஓடுவதற்காகவா? – வாசகர், சென்னை

பதில்: இசைச் சமிக்ஞை மாறுதிசை மின்னோட்டம்; அது நொடிக்கு இருபது முதல் இருபதாயிரம் முறை வரை முன்னும் பின்னும் போய்வருவது. செம்புக்குத் திசை கிடையாது. சில கேபிள்களில் இரு உள்கம்பிகள் சமிக்ஞையைச் சுமக்க, வெளிக்கவசம் ஒரு முனையில் மட்டும் பற்றவைக்கப்பட்டிருக்கும். எந்த முனை என்று காட்டுவதற்கு அம்புக்குறி பயன்படும். அத்தகைய கேபிள் என்றால் குறிப்பிட்டபடி போடுங்கள். மற்றவற்றை எப்படிப் போட்டாலும் ஒன்றுதான்.