கையா தரவில் சுருள் கரங்கள் ஏன் தெரியவில்லை?

வணக்கம் நண்பரே. விண்மீன்களின் இடத்தையும் தொலைவையும் அளந்த கையா விண்கலத்தின் தரவில் ஒரு லட்சம் விண்மீன்களை எடுத்து வரைந்தும் சூரியனைச் சுற்றி ஒரு திட்டுதான் தெரிகிறது, நம் விண்மீன் மண்டலமான பால்வழியின் சுருள் கரமே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். நிரலைச் சந்தேகிக்க வேண்டாம். தேர்ந்தெடுத்த விண்மீன்கள்தான் காரணம். சூரியனைப் போன்ற வயதான விண்மீன்கள் பால்வழியைப் பலமுறை சுற்றி, பிறந்த இடத்தை விட்டு எங்கெங்கோ கலந்துபோனவை. ஒரு சுற்றுக்கே 20 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகும். மிகச் சூடான, நீல நிற ஓ வகை விண்மீனின் ஆயுளோ சில பத்து லட்சம் ஆண்டுகள்தான். பிறந்த கரத்தை விட்டு விலகவே அதற்கு நேரமில்லை. 1951-ல் வானியலாளர் வில்லியம் மார்கனும் அவருடைய மாணவர்களும் இந்த நீல விண்மீன்களை வைத்துத்தான் நமக்கு அருகிலுள்ள கரங்களைக் கண்டார்கள். இன்றும் என்னை வியக்க வைக்கும் வேலை அது.

ஆகவே ஓ வகையையும், அதற்கு அடுத்த சூடான பி வகையையும் மட்டும் வடிகட்டி எடுங்கள். நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். இடையிலுள்ள தூசி நீல விண்மீனையும் சிவப்பாகக் காட்டும். அப்புறம், இடமாறு அளவு (பூமி சூரியனைச் சுற்றும்போது விண்மீன் இடம் மாறுவதுபோல் தெரியும் கோணம்; தொலைவைத் தருவது இதுதான்) அதன் பிழையைப் போல 10 மடங்காவது இருக்கட்டும். இல்லாவிட்டால் சூரியனிலிருந்து ஆரம்போல நீளும் போலிக் கோடுகள் வரும். இன்னும் தொலைவுக்குப் போக செஃபீடு விண்மீன்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒளி கூடிக் குறைந்து துடிக்கும் விண்மீன்கள் அவை; துடிப்புக் காலத்திலிருந்தே உண்மையான ஒளிர்வு தெரிந்துவிடும், அதை நமக்குத் தெரியும் ஒளியோடு ஒப்பிட்டால் தொலைவும் கிடைக்கும்.